ரொட்டிக்குள் இருந்த குழந்தையும் குளிர்கால வெல்டிங் வகுப்பும்

அனுப்புநர்:
எதெல்வீனா சர்மியெந்தோ,
பீச் பழக் கொட்டகைத் தொழிலாளி,
சான் இசித்ரோ கோவில் பின்தெரு,
அல்மெந்த்ரா, கலிபோர்னியா.

பெறுநர்:
திரு. டெனிஸ் ஹால்வர்சன் அவர்கள்,
தொழிற்கல்வித் துறைத் தலைவர்,
அல்மெந்த்ரா சமுதாயக் கல்லூரி.

பொருள்: குளிர்காலக் குறும்பருவத்தின் மாலை நேர வெல்டிங் வகுப்பை ஜூன் மாதத்துக்கு மாற்றியதை ரத்து செய்யவும், ஆசிரியர் திரு. யெங் தாவ் அவர்களுக்கு அளித்த எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தீயணைப்பு வண்டி வந்தது என்னவோ உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தீ எங்கே இருந்தது என்று தாங்கள் யாரையாவது கேட்டீர்களா? தீ இல்லை ஐயா. ஆவி இருந்தது. அரிசி வேகும் ஆவி. மாதா சாட்சியாக, நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். சற்று நீளமாகப் போனால் பொறுத்தருள வேண்டும். என் பேச்சு நீளம் என்பது எங்கள் பங்குச்சாமியாருக்கே தெரிந்த விஷயம்.

1. நான் ஊர்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். ஐம்பத்தாறு வயதில் வெல்டிங் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் கோவில் படிக்கட்டின் கைப்பிடி துருப்பிடித்து, சென்ற பாஸ்கா பூசைக்கு வந்த ஒருவர் பிடித்த பிடியில் கையோடு வந்துவிட்டது. புதியதை நானே செய்து தருவதாக நேர்ந்துகொண்டேன். பங்குச்சாமியார் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "அத்தை, முதல் பகுதி முடிச்சா பூச்சட்டி ஸ்டாண்டு செய்ங்க. கெழடு கட்டைங்க பிடிச்சு ஏறுற கைப்பிடின்னா ரெண்டாம் பகுதியும் முடிச்சிட்டு வாங்க" என்றார். முதல் பகுதியை இந்தக் குளிர்காலத்தில் முடித்தேன். படுக்கைவாட்டில் வெல்டு நன்றாகவே விழுகிறது. நெடுக்குவாட்டில் வைப்பது இரண்டாம் பகுதியில்தான் வருகிறது. அது அடுத்த ஜனவரியில் நடக்க வேண்டியது. தாங்கள் அதைத்தான் ஜூனுக்குத் தள்ளியிருக்கிறீர்கள்.

2. ஜூனில் நாங்கள் எங்கே இருப்போம் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். விடியுமுன் கொட்டகைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவோம். பழம் காத்திருக்காது ஐயா. கொட்டகை மூடிக்கிடக்கும் ஜனவரி ஒன்றுதான் எங்களுக்குப் படிக்க வாய்த்த மாதம். ஒரு பருவம் முழுவதும் சொல்ல வேண்டியதைச் சில வாரங்களில் அடக்கிச் சொல்லித்தருகிறார்கள். ஒரு நாள் தவறினால் ஒரு அத்தியாயம் போய்விடும். எங்களில் ஒருவரும் தவறவில்லை. காய்ச்சலோடுகூட வந்தோம்.

3. இனி ரொட்டி விஷயம். தங்கள் விசாரணைக்குத் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன். வகுப்பு தொடங்கிய ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள். அன்று நாங்கள் ரோஸ்கா என்னும் வளைய வடிவ ரொட்டியை வெட்டுவோம். உள்ளே குழந்தை இயேசுவின் சின்னப் பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் குழந்தை வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டு, மெழுகுதிரித் திருநாளில், உடன் தின்ற அத்தனை பேருக்கும் சோளமாவில் கறி வைத்துக் கட்டும் தமாலே அவித்துப் போட வேண்டும். அன்று முடியாவிட்டால் கடன் அடுத்த மெழுகுதிரித் திருநாளுக்குத் தாவுமே தவிர, தள்ளுபடியாகாது. நான் பெரிய ரோஸ்காவாகவே வாங்கிப் போனேன். வெல்டிங் பட்டறை என்றால் வருவோர் போவோர் இருப்பார்களே.

4. ஆசிரியர் திரு. தாவ் தம் துண்டைக் கடித்தார். கடித்தவர் சற்று நின்றார். பிறகு வாயிலிருந்து எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரொட்டி மிக ருசி என்று என்னைப் பாராட்டினார். நான் கண்ணால் பார்த்தேன். சூய் அர்ரெதோந்தோவும் பார்த்தான். அவன் எங்கள் கொட்டகையில் பளுதூக்கி வண்டி ஓட்டுபவன். வாய் சும்மா இருக்காது. எங்கள் மக்களில் குழந்தையை ஒளிப்பவர் தமாலேச் செலவுக்குப் பயந்தவர் என்றுதான் அர்த்தம். "வாத்தியார் கருமின்னு பாத்தா தெரியலியே அத்தை" என்று என் காதில் சொன்னான்.

5. அன்று முதல் சூய் தினமும் ஆசிரியர் மேசையில் ஒரு காய்ந்த சோளமடலை வைக்கத் தொடங்கினான். தமாலே கட்டும் மடல். வாங்கிய கடனை நினைவூட்டத்தான். ஆசிரியரோ அதை எடுத்துப் பார்த்து, நன்றி சொல்லி, சுடர் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க அதைக் கொளுத்திக் காட்டினார். தினமும் இதே கதை. "பாத்தீங்களா, கடன் பத்திரத்த நம்ம கண்ணு முன்னாடியே எரிக்கிறாரு" என்று சூய் சிரித்துச் சிரித்து முகக்கவசத்துக்குள் இருமினான். அந்த மாதம் முழுவதும் நாங்கள் சிரித்த சிரிப்பு, கல்லூரிக் கட்டணத்தில் சேராதது.

6. மாதக் கடைசியில் என் வெல்டைப் பார்த்து, "மீன் செதில் மாதிரி வரிசையா விழுந்திருக்கு, இதை மாதிரிக்கு வைக்கப்போறேன்" என்றார் ஆசிரியர். இவ்வளவு நல்ல மனிதர் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கா பயப்படுவார் என்று எனக்கு மனம் கேட்கவில்லை. குழந்தையை என்ன செய்தீர்கள் என்று நேரிலேயே கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்தது. கருவிப் பெட்டியைத் திறந்து, அடித்தட்டிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார்.

"உங்க மனசு சங்கடப்படுமேன்னு சொல்லலைம்மா. ரொட்டிக் கடையில ஏதோ தவறி விழுந்திருச்சுன்னு நெனச்சேன். எங்க வீட்டுல, ஒருத்தர் போட்ட சோத்துல கல்லு கெடந்தா, அவங்க பாக்காதப்ப எடுத்து வச்சிருவோம். ஆனா இது குழந்தை முகமா இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வரலை."

ஐயா, திரு. தாவ் லாவோஸ் மலைநாட்டிலிருந்து வந்த ஹமாங் இனத்தவர். எங்கள் வேதக்காரர் அல்லர். மெழுகுதிரித் திருநாளுக்குக் குழந்தை இயேசுவுக்குத் துணி உடுத்துவது எங்கள் வழக்கம். நாங்கள் கருமி என்று பேசிக்கொண்டிருந்த மனிதர், யாரும் சொல்லாமலே அதைச் செய்து வைத்திருந்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். சூய் அன்றைக்குக் கொண்டுவந்த சோளமடலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். வழக்கத்தை விளக்கிச் சொன்னதும் ஆசிரியர் கேட்டது ஒன்றே: "மொத்தம் எத்தனை பேருக்கு?"

7. பிப்ரவரி இரண்டு மாலை அவரும் அவர் மனைவி மாய் அம்மையாரும் இரண்டு பெரிய அடுக்குப் பானைகளோடு பட்டறைக்கு வந்தார்கள். தமாலே செய்யத் தெரியாது என்று, தங்கள் வீட்டு முறைப்படி ஒட்டரிசியும் பன்றிக்கறியும் வைத்து வாழையிலையில் கட்டிய பொட்டலங்கள். முதல் பானையை உள்ளே வைத்துவிட்டு இரண்டாவதை எடுக்க இருவரும் வண்டி நிறுத்துமிடம் போனார்கள். அந்த இடைவெளியில், ஆறிப்போனதைச் சூடாக்கித் தருகிறேன் பேர்வழி என்று சூய் பானையைச் செங்கல் மேடையில் ஏற்றி, அடியில் பட்டறையின் எரிவாயுச் சுடரைக் காட்டினான். மூடியைத் திறந்தது நான். தீ எச்சரிக்கை மணி மாட்டிய நடைக்கதவுக்குப் பக்கத்தில்தான் மேடை இருந்தது. மாதம் முழுவதும் நாங்கள் இரும்பை உருக்கியபோது வாய் திறக்காத அந்த மணி, இந்த ஆவிக்குக் கட்டடமே அதிர அலறியது.

8. தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், தேடினார்கள், பானையைக் கண்டார்கள். அவர்களின் தலைவர் பானைக்குள் எட்டிப் பார்த்து, "தீ எதுவும் இல்லை. சாப்பாட்டுல மிச்சம் இருக்கா?" என்றார். இருந்தது. கோட்டைக் கழற்றாமலே நின்று தின்றார்கள். மாய் அம்மையார் அவர்களுக்கு வீட்டுக்கும் கட்டிக் கொடுத்தார். சோளமாவுத் தமாலே இல்லாத மெழுகுதிரித் திருநாளை நான் கொண்டாடியதே இல்லை. ஆனால் அன்றைப்போல் மனம் நிறைந்த திருநாளும் எனக்கு நினைவில் இல்லை.

9. மறுவாரம் பட்டறைக் கதவில் தங்கள் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அனுமதியின்றி உணவு சமைத்ததாக ஆசிரியருக்கு எச்சரிக்கை. வகுப்பு ஜூனுக்கு மாற்றம். சமைத்தவர் அவர் அல்லர். சுடர் காட்டியவன் சூய், மூடி திறந்தவள் நான். கண்டிப்பதானால் எங்களைக் கண்டியுங்கள். வேண்டுமானால் பட்டறையைப் பெருக்கித் துடைத்துத் தருகிறோம், சுடரை இனி இரும்புக்கு மட்டுமே காட்டுகிறோம். அந்த நல்ல மனிதரின் கோப்பில் அந்தக் கடிதம் கிடக்க வேண்டாம். வகுப்பு ஜனவரியிலேயே இருக்கட்டும். படிக்கட்டின் கீழே கைப்பிடி இல்லாமல் நின்று மேலே பார்க்கிறவர்களை நினைத்தாவது தாங்கள் மனமிரங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்காகத் தினமும் ஒரு ஜெபமாலை சொல்கிறேன். இந்த மனுவுக்கு முன்பிருந்தே சொல்லிவருகிறேன், ஆகையால் இது கையூட்டு ஆகாது.

இடம்: அல்மெந்த்ரா
நாள்: 12 பிப்ரவரி 2026

தங்கள் பணிவுள்ள,
எதெல்வீனா சர்மியெந்தோ

இணைப்பு: (1) வகுப்பினர் அனைவரின் கையொப்பம். (2) மீன் செதில் போல் விழுந்த வெல்டு, இரும்புத் துண்டில் (கனம் அதிகம் என்பதால் தங்கள் செயலரிடம் நேரில் கொடுத்துள்ளேன்).

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போதுதான் நினைவு வந்தது. அந்த அளவுப் பெரிய ரோஸ்காவில் ரொட்டிக்காரர் எப்போதும் இரண்டு குழந்தைகள் வைப்பார். எங்களுக்குக் கிடைத்தது ஒன்றுதான். முதல் நாள் எங்களை வாழ்த்தத் தாங்கள் பட்டறைக்கு வந்தபோது, கூட்டத்துக்கு நேரமாகிறது, பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லி, நான் காகிதத்தில் சுற்றித் தந்த துண்டைத் தங்கள் சாம்பல்நிறக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.