நீலச் சாயம் ஒட்டிய மூன்று செங்கற்கள்

இன்று காலை கொல்லைப்புறம் போய், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் அடுக்கியிருந்த ஆறு செங்கற்களையும் எடுத்து வந்து வாசலுக்கு வெளியே ரோட்டோரம் வைத்தேன். மூன்று என்னுடையவை, மூன்று உன்னுடையவை. உன் கற்களில் ஒட்டியிருக்கும் நீலச் சாயம் இன்னும் போகவில்லை. மழையில் ஊறிய செங்கல் வெயில் பட்டதும் ஒரு வாசம் விடுமே, அது மூக்கில் ஏறியதும் சந்து முனையைத் திரும்பிப் பார்த்தேன். பத்து வருஷம் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. அடுத்த வாரம் ஆற்றுக்கால் அம்மன் கோயில் பொங்காலை. கர்க்கடக மழையில், நம்மூர் ஆடியில், உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள், அதற்குப் பிறகு வருகிற முதல் பொங்காலை இது.

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு நான் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரத்தம் சோதிக்கிற ஒரு சின்ன லேபில் வேலை. முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிறவள் நீ. சாலைக் கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருந்தவரின் மகள், வாயைத் திறந்தால் பாதி தமிழ், பாதி மலையாளம். முதல் நாளே என் இடது முழங்கையைப் பார்த்துவிட்டு, "இது விழுந்ததா, அடிச்சதா?" என்று கேட்டாய். விழுந்தது என்றேன். நீ நம்பவில்லை. ஒரு வாரம் கழித்து நானே சொன்னேன், கட்டியவனிடமிருந்து சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்தவள் என்று. என் வீட்டாரும் அவன் பக்கம்தான், ஊரில் யாருக்கும் என் விலாசம் தெரியாது, தெரிந்தால் மறுநாளே அவன் வந்து நிற்பான் என்று. அவன் எப்படிக் கூட்டிக்கொண்டு போவான் என்பதை நான் சொல்லவில்லை. என் முழங்கை அதை ஏற்கெனவே சொல்லியிருந்தது.

லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு மாதத்துக்கு மேல் இடமில்லை. அதற்குள் வீடு பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு எங்கே போவது என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஊரைச் சுற்றினேன். உங்கள் சாலைத் தெருவிலேயே ஒரு மாடி அறை இருந்தது. நான் உள்ளே நுழையவே மாட்டேன் என்றேன். தினமும் திருநெல்வேலிப் பக்கத்து லாரி வந்து நிற்கிற தெரு அது. லாரியோடு என் சேதியும் திரும்பிப் போய்விடும்.

எனக்குப் பிடித்தது கவடியார் பக்கம் பார்த்த வீடு. ஆளுயரத்துக்கு மேல் மதில், பின்பக்கமாகத் தனிப் படி, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற வயதான தம்பதி. அவர்கள் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாவியை அப்போதே வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நீயோ வெளியே வந்து கேட்டில் சாய்ந்து நின்றுகொண்டாய், கிளம்பவே இல்லை. கால் மணி நேரம் நின்றோம். ஒரு ஜன்னல் திறக்கவில்லை, ஒரு முகம் எட்டிப்பார்க்கவில்லை.

"எடீ, ஆரும் ஒண்ணும் கேக்காத இடத்துல போயி கெடக்காதே. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அடுத்த வீட்டுக்காரிக்கி நாலு நாள் கழிஞ்சாக்கும் தெரியும்" என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. யாருக்கும் தெரியாமல் இருக்கத்தானே வந்திருக்கிறேன் என்று சண்டை போட்டேன். மதில் இருந்தால் அவனும் வெளியே நிற்பான் என்பது என் கணக்கு. உள்ளே வந்துவிட்டால் அதே மதில் என் சத்தத்தையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று அன்று இரவு ஹாஸ்டல் கட்டிலில் புரண்டபோதுதான் தோன்றியது. அப்புறம் தூக்கம் எங்கே வரும்.

அடுத்த ஞாயிறு நீ கூட்டிக்கொண்டு வந்தது மணக்காட்டின் இந்தச் சந்துக்கு. சந்து முனையிலிருந்து வீடு வரை வருவதற்குள் ஆறு பேர் வழிமறித்தார்கள். எந்த ஊர், என்ன வேலை, யாரைப் பார்க்க, கூட யார். ரத்தம் எடுக்கிற நான் அங்கே ஊசியில்லாமலே குத்து வாங்கினேன். அடுத்த வீட்டுச் சரசம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கெட்டியோன் எவ்விடெ?" என்று கேட்டாள். கட்டியவன் எங்கே என்றால் நான் என்ன சொல்வேன்? நீ கண் இமைக்காமல் சொன்னாய், "கல்ஃபிலாக்கும் அம்மா. துபாயில." இந்த ஊரில் தனியாக இருக்கிற பெண்ணுக்கு அதைவிட மரியாதையான பதில் கிடையாது. வீடு கிடைத்துவிட்டது.

அன்று முதல் இல்லாத துபாய்க்காரனுக்கு நான் பெண்டாட்டியானேன். லெட்டர் வந்ததா, லீவு எப்போது, என்ன சம்பளம் என்று சந்து முழுக்க விசாரித்தது. காலையில் போகும்போது எங்கே என்பார்கள், சாயங்காலம் வரும்போது ஏன் நேரமாயிற்று என்பார்கள். இதற்கு என் பழைய வீடே தேவலை என்று ஒரு நாள் உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ சிரிக்கவில்லை.

கும்ப மாதம் வந்தது, நமக்கு மாசி. தகரப் பெட்டி தரை ஈரத்தில் துருப்பிடிக்கிறதே என்று முட்டுக்கொடுக்கக் கல் தேடினேன். வாசலுக்கு எதிரே ரோட்டோரம் மூன்று செங்கல் கேட்பாரற்றுக் கிடந்தன. எடுத்து வந்து பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். பொங்காலையன்று ஊர்ப் பெண்கள் எல்லாம் தெருவிலேயே அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள் என்பதும், அதற்கு ஒரு வாரம் முன்பே மூன்று கல்லைப் போட்டு இடம் பிடிப்பார்கள் என்பதும் சங்கரன்கோவில்காரிக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் சரசம்மா கதவைத் தட்டினாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"மோளே, நீ எடுத்தது கல்லில்லை, என்டெ ஸ்தலமாக்கும். கல்லு கெடந்தா அவிட ஆளு உண்டு" என்றாள்.

கல்லைத் திருப்பி வைக்கும்வரை அங்கேயே நின்றாள். பிறகு, உன் கல்லையும் கொண்டுவந்து இதற்குப் பக்கத்தில் போடு என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படித்தான் எனக்கு இந்த ஊரில் ஓர் இடம் கிடைத்தது.

பொங்காலை நாளில் விடியும் முன்பே சந்து நிறைந்துவிட்டது. கோயில் அடுப்பில் மூட்டுகிற தீ, அடுப்பு அடுப்பாகக் கைமாறி வந்து சேரக் காத்திருந்தோம். அப்போது நீ வந்தாய். கையில் பானையில்லை, காலில் செருப்பில்லை. அன்று பஸ் கிடையாது, உங்கள் சாலைத் தெருவிலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியே வந்திருக்கிறாய். என் அருகில் குந்தி உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய். முந்தின நாள் சாயங்காலம் லேபுக்கு ஒரு போன். அவளுடைய அண்ணன் பேசுகிறேன், அம்மாவுக்குச் சீரியஸ் என்று தேன் போலத் தமிழ் பேசியிருக்கிறான். நீ பதறிப்போய்ச் சந்தின் அடையாளம் வரை சொல்லிவிட்டாய். எனக்கு அண்ணனே கிடையாது என்பது இரவு படுத்த பிறகுதான் உனக்கு உறைத்தது. என்னைக் கட்டியவனுக்கு லேப் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது.

நான் பதில் சொல்வதற்குள் அவனைப் பார்த்துவிட்டேன். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை, அடுப்புகளுக்கு நடுவே கால் வைக்க இடம் பார்த்துக்கொண்டு வந்தான். வெயிலுக்காகத் தலையில் போட்டிருந்த முந்தானையை நெற்றி வரை இழுத்துக்கொண்டேன். நீ உன் உடம்பை எனக்கு முன்னால் நகர்த்தினாய். பத்தடி தூரத்தில் நின்று என் பெயரைச் சொல்லி, வீடு எது என்று கேட்டான்.

சரசம்மா எழுந்திருக்கவில்லை. யார் நீ என்றாள். அவ புருஷன் என்றான்.

"அவளுடெ பர்த்தாவு துபாயிலாக்கும். நீ ஆரு?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அடுத்த அடுப்புக்காரி எந்த ஊர் என்றாள். எதிர்ச்சாரிக்காரி யார் அனுப்பியது என்றாள். பெண்கள் பொங்கல் வைக்கிற இடத்தில் ஆணுக்கு என்ன வேலை என்று ஒருத்தி கேட்டாள், முனையில் நிற்கிற போலீஸைக் கூப்பிடவா என்று இன்னொருத்தி கேட்டாள். என்னைக் குத்திய அதே கேள்விகள். ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் ஒன்று எழுந்துகொண்டே இருந்தது. அதே நேரத்தில் தீயும் வந்து சேர்ந்தது. ஓலை பற்றிக்கொண்டதும் சந்து முழுக்கப் புகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் பார்த்தபோது, அவன் முழங்கையால் மூக்கை மூடியபடி முனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவனை விவாகரத்துக்குக் கோர்ட்டில்தான் பார்த்தேன்.

அன்று பானையில் பொங்கி வழிந்தபோது சரசம்மா என் காதருகே குனிந்து, துபாயில் இருக்கிறவன் ஒரு லெட்டராவது போடுவான், எங்களுக்கு எப்போதோ தெரியும் என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். உன் பக்கம் திரும்பி என்ன சொன்னேன் தெரியுமா? "கேக்கற இடத்துல இருன்னு எனக்குப் புத்தி சொன்னவதானே நீ. அவன்கிட்ட ஒரு கேள்வி கேட்டியா?" நீ எழுந்து, வந்த வழியே செருப்பில்லாத காலோடு நடந்தாய். அதன் பிறகு லேபில் ஒரு வருஷம், ரிப்போர்ட்டு, சிரிஞ்சு தவிர வேறு பேச்சு உன்னோடு நான் பேசவில்லை. அவ்வளவு வீம்பு எனக்கு.

அடுத்த கும்பம். என் கற்களுக்குப் பக்கத்தில், நான் வைக்காத மூன்று கல் கிடந்தன. மூன்றின் மேலும் நீலச் சாயம், உங்கள் கடையில் கொட்டியது. இது ஆருடெ கல்லு என்று சரசம்மா காலால் ஒதுக்கப் போனாள். "நம்ம ஆளுதான்" என்றேன். பொங்காலையன்று நீ பானையோடு வந்து உட்கார்ந்தாய். "கொஞ்சம் தள்ளி இரு, புகை உன் கண்ணுக்கு வருது" என்றேன். நான் உனக்குச் சொன்ன சமாதானம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை பொங்காலை, ஒன்றில்கூட அந்தப் பேச்சை நாம் எடுக்கவில்லை.

நீ போன பிறகுதான் இது எனக்கு உறைக்கிறது. அன்று நீ வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். அவனுக்கு யார் சொன்னது என்று எனக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. லாரிக்காரன் சொன்னான் என்று நினைத்திருப்பேன். நீ பானையைப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு, உன் தப்பை உன் வாயாலேயே சொல்ல ஓடி வந்தாய். உன் தப்பை நான் ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் ஓட்டத்தைப் பற்றி ஒரு நாளும் உன்னிடம் பேசவில்லை.

மாடி வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற பெண், மார்த்தாண்டத்துக்காரி, இன்று காலை வாசலில் நின்று கேட்டாள், அந்த நீலக் கல் யாருடையது, ஆள் இல்லையென்றால் நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று. அவளுக்கு இந்தப் பக்கம் வேறு கல் போட இடம் காட்டினேன்.

"அது எடுக்காதே மோளே. அதுக்கு ஆளு உண்டு" என்றேன்.