டப்ளின் பாராளுமன்றமும் மத்தியானத் தேத்தண்ணியும்

நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்து என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த அன்பு மாமாவுக்கு,

டப்ளினில் பாராளுமன்றம் மறுபடி கூடிவிட்டது. இருந்திருந்தால் முதல் நாளே விசாரித்திருப்பீர்கள். வீட்டு வாடகை, ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாதது, பால் விலை எல்லாம் நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே நிற்கின்றன. எதையும் தவறவிட்டுவிட்டதாக நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

உங்கள் அறையில் இப்போது உங்கள் மகனின் சைக்கிள் நிற்கிறது. கட்டிலை இரவல் தந்தவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கும் கதவை மட்டும் நான் சாத்துவதில்லை. வேலைக்கு உட்காரும்போது கை தானாகப் போய் அதைத் திறந்து விடுகிறது.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது வாசித்தால், லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்து மருமகள் ஒருத்திக்கும் அயர்லாந்துப் பாராளுமன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்புவார்கள். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விவாதத்தை ஒளிபரப்பும்போது, காது கேளாதவர்களுக்காகக் கீழே எழுத்து ஓடுமல்லவா, அதை ஓட வைப்பதுதான் என் வேலை. டப்ளினில் ஒருவர் பேசுவது ஹெட்போன் வழியாக என் காதுக்கு வரும். அதை ஏற்ற இறக்கம் இல்லாத குரலில், கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாவற்றையும் வாயால் சேர்த்து, மைக்கில் திருப்பிச் சொல்வேன். கம்பியூட்டர் என் குரலை எழுத்தாக்கும். கொஞ்ச நேரம் நான் சொல்வேன், கொஞ்ச நேரம் லீட்ஸில் இருக்கும் இன்னொரு பெண் சொல்வாள். இப்படி மாறி மாறி.

அமைச்சர் சொல்வதையும் நான்தான் சொல்வேன், அமைச்சரைக் கிழி கிழியென்று கிழிக்கிறவர் சொல்வதையும் நான்தான் சொல்வேன். இரண்டுக்கும் ஒரே குரல். அதில் கோபத்தைக் கலந்தால் கம்பியூட்டருக்கு விளங்காது.

உங்களுக்கும் விளங்கவில்லை. அல்லது விளங்கிக்கொள்ள நீங்கள் விரும்பவில்லை. பாதி ஆயுளை ஜேர்மனியில் ஹோட்டல் குசினிகளில் கழித்துவிட்டு, வயது போன காலத்தில் மகனோடு லண்டனுக்கு வந்தவர் நீங்கள். ஆங்கிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சொற்கள் பிடிபடும். பக்கத்து அறையில் மருமகள் மணிக்கணக்காக 'மினிஸ்டர்' என்கிறாள், 'ஹோம் கெயார்' என்கிறாள், 'ஓல்ட் பீப்பிள்' என்கிறாள். அவள் ஒரு அரசாங்கத்தோடு வழக்காடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

"கதவைத் திறந்து விடும் பிள்ளை. பாராளுமன்றம் கேக்கட்டும்" என்பீர்கள்.

பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன உடம்பு. அந்த உடம்போடு அசையாமல் படுத்திருந்து கேட்பீர்கள். இருமல் வந்தால், மைக்கில் சத்தம் விழுந்துவிடும் என்று துவாயை வாயில் பொத்திக்கொள்வீர்கள். முகம் சிவக்கும், கண்ணில் தண்ணீர் வரும், சத்தம் மட்டும் வராது. இருமுங்கோ மாமா, பரவாயில்லை என்றால், நல்ல கையை ஆட்டி என்னைத் திரும்ப வேலைக்கு அனுப்புவீர்கள். ஒரு மனிதர் தனக்குள் எவ்வளவை அடக்கி வைப்பார் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

பட்ஜெட் நாள் உங்களுக்குத் திருவிழா. ஒருமுறை, வெளிநாட்டுக் கம்பனிகள் கட்டிய வரி எதிர்பார்த்ததை விடக் கூடிவிட்டது, அதைச் சேர்த்து வைப்பதா செலவழிப்பதா என்று நாள் முழுக்க விவாதம் நடந்தது. இடைவேளையில் வந்து உங்களுக்கு விளக்கம் சொன்னேன்.

"காசு கூடிப்போச்செண்டு சண்டை பிடிக்கிற நாட்டை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்" என்று வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். பிறகு, "அப்ப வீடில்லாத சனத்துக்கு வீடு கட்டிக் குடுக்கச் சொன்னனீரே?" என்று கேட்டீர்கள்.

"அது நான் சொல்லேல்லை மாமா. அவை சொன்னதைத் திருப்பிச் சொன்னனான்."

"ஆரின்ரை சொல்லெண்டாலும் வாய் உம்மடைதானே."

இதற்கு மேல் உங்களோடு யார் கதைப்பது? மோர்டனில் இருக்கும் உங்கள் தங்கைக்குப் போன் எடுத்து, மருமகள் அயர்லாந்துப் பாராளுமன்றத்தில் கதைக்கிறவ என்று சொல்லி வைத்தீர்கள். ஒரு கலியாண வீட்டில் அந்த மாமி என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், எந்தக் கட்சி என்று கேட்டார். அன்று உங்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இன்று அப்படி ஒரு கேள்வியைக் கேட்க வைக்க நீங்கள் இல்லை.

அந்த மத்தியானங்களைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். சுற்றி வளைத்துக்கொண்டு நிற்கிறேன்.

உங்களைத் துடைத்து, உடுப்பு மாற்றி, சலம் கழிக்க எழுப்பிவிட ஒரு ஏஜென்சியிலிருந்து கோஃபி என்றொருவர் வருவார். கானா நாட்டுக்காரர். காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று தடவை. நீங்கள் அவரோடு ஜேர்மன் மொழியில் கதைப்பீர்கள், அவர் உங்களோடு ஆங்கிலத்தில் கதைப்பார், இருவருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. பிறகு, ஆள் போதவில்லை என்று அந்த ஏஜென்சி மத்தியான வரவை நிறுத்தியது. உங்கள் மகன் காலையில் பஸ் ஓட்டப் போனால் பின்னேரம்தான் திரும்புவார். நடுவில் வீட்டில் நீங்களும் நானும்தான்.

அந்தக் கிழமையோடு நீங்கள் பகல் தேத்தண்ணியை விட்டுவிட்டீர்கள்.

"பிடிக்கேல்லைப் பிள்ளை. வயித்துக்கை ஒரு மாதிரிக் கிடக்கு" என்றீர்கள். காலையில் கோஃபி வருவதற்கு முன் ஒரு கோப்பை. பிறகு ஒன்றும் இல்லை. நான் என் தேத்தண்ணியில்தான் குறை என்று நினைத்தேன். இஞ்சி தட்டிப் போட்டேன், ஏலக்காய் போட்டேன். ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் தமிழ்க் கடைக்குப் போய் நீங்கள் ஊரில் குடித்த தேயிலையைத் தேடி வாங்கி வந்தேன். கோப்பையை மோந்து பார்த்தீர்கள். "நல்ல வாசம்" என்றீர்கள். குடிக்கவில்லை.

பிறகு இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதியும் வேண்டாம், சம்பல் காணும் என்றீர்கள். மத்தியானத்தில் ஏதாவது தேவையா மாமா என்று ஒவ்வொரு நாளும் கேட்பேன். "எனக்கு ஒண்டும் வேண்டாம். நீர் போய்க் கதையும், அங்கை காத்துக்கொண்டிருப்பினம்" என்பீர்கள். நான் போய்க் கதைத்தேன்.

நீங்கள் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் எதையாவது கேட்டீர்கள். "அந்தப் பெடியனை மத்தியானமும் விடச் சொல்லி ஏஜென்சிக்காரரோடை ஒருக்காக் கதைச்சுப் பாருமன். அங்கை கதைக்கிற மாதிரிக் கதையும்." கதைத்தேன் மாமா. என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அத்தனை எதிர்க்கட்சிக்காரரை வாய்க்குள் வைத்திருந்தவள் நான். நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

மறுமுனையில் இருந்தவர் மிக மரியாதையாகப் பதில் சொன்னார். இதை எங்கள் கவனத்துக்குக் கொண்டு வந்ததற்கு நன்றி, ஆள் எடுப்பதில் சிரமம் இருக்கிறது, மீளாய்வு செய்துகொண்டிருக்கிறோம், விரைவில் தொடர்பு கொள்வோம். அன்று காலையில்தான் அதே வார்த்தைகளை ஒரு அமைச்சருக்காக நான் மைக்கில் சொல்லியிருந்தேன். அவர் முடித்ததும் என் வாய் பழக்கத்தில் "ஃபுல்ஸ்டாப்" என்றது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று போனை வைத்தேன்.

"நல்லாக் கதைச்சனீர்" என்றீர்கள். "என்னவாம்?"

"பாத்துச் சொல்லுறமாம் மாமா."

"அப்ப சரி" என்றீர்கள். எவ்வளவு நிம்மதியோடு சொன்னீர்கள்.

காய்ச்சல் வந்ததும், சலத்தில் கிருமி என்றதும், அம்புலன்ஸ் வந்ததும் உங்களுக்குத் தெரியும். உடம்பில் தண்ணீரே இல்லை என்று டொக்டர் பிறகு எங்களிடம் சொன்னார். "வயது போனவர்களுக்குத் தாகம் தெரிவதில்லை, அடிக்கடி நடப்பதுதான்" என்று ஆறுதலும் சொன்னார். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் உங்கள் மகன் அதைத்தான் சொன்னார். அப்பாவுக்குத் தாகம் தெரியேல்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை, முதியவர்களின் வீட்டுப் பராமரிப்பு பற்றி விவாதம். மேற்குக் கரையோரத்து உறுப்பினர் ஒருத்தி எழுந்தார். என் முறை. தன் தொகுதியில் இருக்கும் ஒரு கிழவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், நானும் பின்னால் சொல்லிக்கொண்டு போனேன். பராமரிக்க வருகிறவர் காலையிலும் மாலையிலும் மட்டும்தான் வருகிறார், கமா. நடுவில் அந்த மனிதர் ஒரு சொட்டும் குடிப்பதில்லை, ஃபுல்ஸ்டாப். அவருக்குத் தாகம் இல்லாமல் இல்லை, ஃபுல்ஸ்டாப். வீட்டில் மகள் இருக்கிறாள், கமா, தன்னைத் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டு போ என்று மகளிடம் கேட்க அவருக்கு வெட்கம்.

அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. ஃபுல்ஸ்டாப் வரவில்லை. டப்ளினில் அந்தப் பெண் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார், எழுத்து ஓடவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை. சுகமா என்று லீட்ஸிலிருந்து செய்தி வந்தது. திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் நின்றது.

மகளிடமே வெட்கம் என்றால், மருமகளிடம்?

ஒருநாள் உங்கள் சாரம் விலகிக் கிடந்ததைச் சரிசெய்ய வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நான் போகும்வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தீர்கள். நித்திரை என்று நினைத்தேன்.

எனக்குக் கோபம் வருகிறது மாமா. முதலில் உங்கள் மேல்தான். "ஒருக்காப் பிடியும் பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஊரார் வீட்டுப் பிரச்சினையெல்லாம் என் வாயால் கேட்டீர்கள், உங்கள் பிரச்சினைக்கு மட்டும் என்னிடம் வாய் திறக்கவில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பேன். நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள் என்பதும் தெரியும். அதனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

அன்று அமைச்சர் பதில் சொன்னார். மீதியை லீட்ஸ் பெண் சொல்லியிருப்பாள், நான் விடவில்லை. இதை எழுப்பிய உறுப்பினருக்கு நன்றி, கமா. ஆள் எடுப்பதில் சிரமம், கமா, மீளாய்வு, ஃபுல்ஸ்டாப். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். அடுத்த விடயம் ஒரு பாலத்தின் திருத்த வேலை. அதையும் சொன்னேன். வாய் என்னுடையதுதானே மாமா. கேட்டதும் அந்த வாய், கையை விரித்ததும் அந்த வாய்.

சரியாகச் சொன்னால் நடக்கும் என்று நீங்கள் நம்பினீர்கள். நானும், வெளியே சொல்லாவிட்டாலும், அப்படித்தான் நினைத்திருந்தேன். யாரும் சொல்லாததால்தான் நடக்கவில்லை என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எல்லாம் சொல்லியாயிற்று. அந்தப் பெண் உங்கள் கதையை உள்ளபடி, உங்கள் வீட்டுக்குள் இருந்த எனக்கே தெரியாததையும் சேர்த்து, ஒரு நாட்டின் பாராளுமன்றத்தில் சொல்லிவிட்டார். அது எழுத்தாகவும் ஓடியது. அந்தக் கிழவர் இன்றைக்கு மத்தியானம் குடித்தாரா?

உங்கள் மகனிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் இனி ஸ்டியரிங்கைப் பிடிக்கமாட்டார். ஜேர்மனியில் வளர்ந்தவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். இப்படியே எவ்வளவு காலம் நான் ஒருத்தியாகத் தெரிந்து வைத்திருப்பது? தாகம் தெரியவில்லை என்று அவர் ஆட்களுக்குச் சொல்லும்போது, பக்கத்தில் நின்று நான் ஓம் என்று தலையாட்ட வேண்டும்.

உங்கள் ஆண்டுத் திவசம் வருகிறது. படையலுக்கு என்ன வைப்பது என்று நேற்று இருவரும் இருந்து கதைத்தோம். கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். தேத்தண்ணி என்றேன்.

"அப்பா கடைசியில தேத்தண்ணியை விட்டிட்டார் எல்லோ. அது வேண்டாம்" என்றார் உங்கள் மகன்.



ஆனால் வைப்பேன் மாமா, இது சத்தியம். அந்த ரெய்னர்ஸ் லேன் தேயிலை இன்னும் இருக்கிறது. இஞ்சி தட்டி, சீனி கூடப் போட்டு, பெரிய கோப்பையில் விளிம்பு முட்ட ஊற்றி வைப்பேன். சொதியும் வைப்பேன். சைக்கிளை வெளியே எடுத்துவிட்டு உங்கள் அறையில்தான் படைப்போம். படைத்ததும், எங்கட வழக்கப்படி, நீங்கள் ஆறுதலாகச் சாப்பிட வேண்டுமென்று எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். அந்த நடுக்கதவை அன்றைக்கு நானே சாத்துவேன். என் குரல் அந்தப் பக்கம் வராது.

குடியுங்கோ மாமா. இனி நீங்கள் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை.

நீங்கள் பிள்ளை என்று கூப்பிட்ட,
உங்கள் மருமகள்