இடப்பக்கம் பை வைத்த கோட்டு

அன்பு மகன் செல்வினுக்கு,

போடியிலிருந்து அம்மா எழுதுவது. தோஹாவில் வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும், கர்த்தர் கிருபையில் நீ சுகமாக வேலைக்குப் போய்வருவாய் என்று நினைக்கிறேன். இங்கே நாங்கள் நலம், அப்பாவுக்கு மட்டும் மழைக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தையல்கடைக்கு வந்துவிடுகிறார். போனில் சொன்னால் பாதியிலேயே விடும்மா என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே ஒரு பெரிய கடையில் பார்த்தேன் என்று ஒரு கோட்டுப் படம் அனுப்பினாயே, அது என் கோட்டுதான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்களுக்கு நான் தைப்பது. குனிந்து காய் எடுக்கும்போது கொட்டாமலிருக்க வாய் சாய்ந்த பை, இலை கிழிக்காமலிருக்க முழங்கை வரை இரட்டைத் துணி. எல்லாருக்கும் பையை வலப்பக்கம் வைப்பேன், அவர்களில் பஞ்சம்மாள் இடக்கைக்காரி என்பதால் அவளுக்கு மட்டும் மாற்றி வைத்தேன். போன வருஷம் பெங்களூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி, பஞ்சம்மாளுக்காகத் தைத்துத் தொங்கவிட்டிருந்ததைத்தான் ஆசையாகக் கேட்டு வாங்கிப் போனாள், டீகூட வாங்கிக் கொடுத்தேன். நீ அனுப்பிய படத்திலும் பை இடப்பக்கம்தான் இருக்கிறது, அதைக்கூட மாற்றவில்லை.

தேனியில் வக்கீல் ராக்கப்பனைப் பார்த்தோம். விற்பதற்கு முன்பே வடிவத்தைப் பதிந்திருக்க வேண்டும், மூன்று வருஷமாக விற்றதை இனிப் பதிய முடியாது என்றார். இரண்டு நாள் மெஷினில் உட்கார மனசில்லை. பிறகு அந்தக் கோட்டை விற்கும் கம்பெனிக்கே எழுதினேன். மலைமக்களின் பாரம்பரிய உடையைப் பார்த்துச் செய்தது, அது யாருக்கும் சொந்தமில்லை என்று பதில் வந்தது. சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கிய பஞ்சம்மாளுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "நம்ம ரெண்டு பேரும் இங்கன உசுரோட இருக்கையில யாருக்கும் சொந்தமில்லேன்னு எப்படிக்கா சொன்னாக? என்னைப் போட்டோ எடுத்து அனுப்பு" என்று கறை படிந்த கோட்டோடு கடை வாசலில் நின்றாள். அந்தப் படத்தையும், தேதி போட்ட அளவு நோட்டுப் பக்கத்தையும் அனுப்பினோம். போன வாரம் தங்கள் இணையப் பக்கத்திலிருந்து பாரம்பரியம் என்ற வரியை எடுத்துவிட்டார்கள். கோட்டை இன்னும் விற்கிறார்கள்.

இதற்கிடையில் சாப்பிடும்போது அப்பா ஒன்று கேட்டார். "பை வாயைச் சாய்ச்சு வைன்னு சொன்னது பஞ்சம்மாதானே, உம் பேரை மட்டும் போட்டு வித்தியே, அவளைக் கேட்டியா?" எப்சிபா கோட்டு என்று பலகை எழுதித் தொங்கவிட்டது நான்தானே. மறுநாள் அவள் வீட்டுக்கே போய், உன்னைக் கேட்காமல் என் பெயரை மட்டும் போட்டது தப்பு என்று சொன்னேன். அவள் சிரித்தாள், ஆனால் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது எனக்குச் சரியாகவே பட்டது.

இப்போது தலைமூடியோடு ஒரு மழைக்கோட்டு தைத்திருக்கிறேன். கடையில் தொங்கவிடாமல் வீட்டிலேயே வைத்துத் தைத்து, இன்னும் ஒன்றுகூட விற்காமல், வக்கீல் மூலம் பதிவுக்கு எழுதிப் போட்டாயிற்று. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரும் பஞ்சம்மாள் பெயரும் இருக்கின்றன. பழைய கோட்டுக்கும் அந்தக் கம்பெனி கோட்டில் தொங்கவிடும் சீட்டில் எங்கள் பெயரைப் போடும்வரை மாசம் ஒரு கடிதம் எழுதுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. உன் கையும் மனசும் சோராமல் தேவன் காக்கட்டும். மறக்காமல் அந்தக் கடைக்குப் போய் ஒரு கோட்டு வாங்கி, பில்லோடு அனுப்பு. பஞ்சம்மாள் அதன் தையலைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

உன் நலம் வேண்டும் அம்மா,
எப்சிபா