ஒத்திகை ஃபோல்டரின் கதவு

நவம்பர் 10, திங்கள்

விடாத தூறல். ராயப்பேட்டை என்றதும் இரண்டு ஆட்டோக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாமவர் ஏற்றிக்கொண்டார். "தண்ணி நின்னா அங்கியே எறக்கி உட்ருவேன், அப்பால சண்ட போடக் கூடாது."

காலையிலேயே மெஹருன்னிசாவின் போன். "டீச்சர், கடைசி மூணு பாடமும் தொறக்க மாட்டேங்குது. அனுமதி இல்லை, அனுமதி இல்லைன்னு போன் பேசிக்கினே கீது. இன்னா கோவம் அதுக்கு எம்மேல?"

கணக்கு டீச்சர் புத்தி. எழுதிப் பார்த்தால்தான் விளங்கும்.

கொடுக்கப்பட்டவை: பார்வையற்றவர்களுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்யும் எங்கள் குழு. மாடி அறையில் ஒரு லினக்ஸ் சர்வர். ரிட்டயரான பிறகு அதைப் பார்த்துக்கொள்வது நான். அதில் 'பாடம்' என்று ஒரு பொது ஃபோல்டர், கேட்பவர்கள் எல்லோருக்கும் திறந்தது. வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு 'ஒத்திகை' ஃபோல்டர், பூட்டியது. திருத்தாத பதிவை யாரும் கேட்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தடுமாறினது, இருமினது, சலித்துக்கொண்டது எல்லாம் ஒத்திகையோடு. சுத்தமானது மட்டும் பாடத்துக்கு வரும்.

மெஹர், அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். ஞாயிறு துறைத் தேர்வு. இந்த முறையும் போனால், அவளுக்குப் பின்னால் சேர்ந்தவள் அவளுக்கே அதிகாரி.

வாசித்தது ஸ்டெல்லா. பள்ளியில் என்னோடு வரலாறு நடத்தியவள், சாந்தோம் வீடு. இப்போது தொண்டையில் வீக்கம். வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர். ஆகவே இன்னொரு முறை வாசிக்க வழியில்லை.

கண்டுபிடிக்க வேண்டியது: பொது ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல் பொதுவாக இல்லாமல் போனது எப்படி?

ஃபோல்டர் சரியாகத்தான் இருக்கிறது. உள்ளே பிறக்கும் ஃபைல் தானாகக் கேட்பவர்கள் குழுவைச் சேரும்படி போன வருஷம் நானே வைத்த அடையாளம், அந்த s எழுத்து, அப்படியே. மற்றவர்களின் ஃபைல்கள் எல்லாம் ஒழுங்கு. ஸ்டெல்லாவின் கடைசி மூன்று மட்டும் அவள் பெயரில், அவளுக்கு மட்டும்.

வாட்ச்மேன் தயாளன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "இன்னா டீச்சர், பொட்டி கோவமா கீதா?"

"கோபம் இல்லப்பா. பிடிவாதம்."

"அப்ப உங்க ஊட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க."

வாங்க வேண்டியவை: ரவை, பிரஷர் மாத்திரை. குடை ரிப்பேர்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். மின்விசிறி சத்தம் மட்டும் பெரிதாக.

மத்தியானத்துக்குள் மெஹர் மூன்று தடவை. கடைசியில், "நான் இன்னைக்கும் நாளைக்கும் லீவு போட்டுக்கினு உக்காந்துருக்கேன் டீச்சர்." குரலில் அழுகை இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பொறுக்கவில்லை. காரணம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே கட்டளை: chmod -R. எல்லோருக்கும் படிக்க அனுமதி, உள்ளே, அதற்கும் உள்ளே, கடைசி வரை.

"தொறந்துகிச்சு டீச்சர்! நூறு வருசம் நல்லா இருங்க!"

வரும் வழியில் மாடவீதியில் இரண்டு முழம் பூ வாங்கினேன். என்ன விசேஷம் என்று வீட்டில் அவர் கேட்டார். கணக்கு போட்டாச்சு என்றேன்.

ஆனாலும் உறுத்துகிறது. வழிமுறை இல்லாமல் விடை மட்டும் எழுதும் பிள்ளைக்குப் பாதி மார்க்தான் போடுவேன். இது அந்த மாதிரி விடை.

நவம்பர் 12, புதன்

மேகமூட்டம். இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம்.

துடைத்துக்கொண்டிருக்கும்போது மெஹரின் போன். "டீச்சர், எனக்கு அந்தப் பாடம் வேணாம்."

"ஏம்மா?"

"ஸ்டெல்லா டீச்சர் பேர்ல இன்னொரு ஃபோல்டர் புதுசா தெரிஞ்சுது. பாடம்தான்னு தொறந்தேன். அதுல பேசறாங்க. 'கண்ணு தெரியுற நமக்கே இந்த விதி புரியல, இவளுக்கு எங்க ஏறப்போகுது'ன்னு. சிரிச்சுக்கினே சொல்றாங்க."

துடைக்கிற துணியைக் கீழே வைத்தேன்.

"அந்தக் குரலக் காதுல வச்சுக்கினு எப்படி டீச்சர் படிக்கிறது? வேற யாராவது வாசிச்சுக் குடுங்க. இல்லன்னா உடுங்க. நான் எழுதல."

ஈரக் கையோடு லேப்டாப்பைத் திறந்தேன். நேற்று அந்தக் கட்டளையைப் போடும்போது நான் 'பாடம்' ஃபோல்டரில் இல்லை. அதற்கு ஒரு படி மேலே நின்றிருக்கிறேன். பாடமும் ஒத்திகைகளும் இருக்கிற பொது வாசலில். அங்கிருந்து உள்ளே எல்லாவற்றையும் திற என்றால் எல்லாவற்றையும்தான் திறக்கும். ஆய்வகச் சாவியைக் கேட்ட பிள்ளையிடம் பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்தையே கொடுத்த மாதிரி.

ஒத்திகைகள் எல்லாவற்றையும் உடனே மூடினேன். கேட்டது கேட்டதுதான்.

நானே வாசிக்கலாமா என்று ஏழாம் பாடத்தை எடுத்தேன். 'மேற்படி விதிக்கு முரண்படாத வகையில்' என்ற இடத்தில் நாக்கு சிக்கியது. அட்டவணைகள் வேறு. நான் முடிப்பதற்குள் ஞாயிறு போய்விடும்.

ரவை இன்னும் வாங்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

நல்ல மழை. சாந்தோம் போனேன். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

ஸ்டெல்லா கழுத்தில் மஃப்ளர், கையில் போன். நான் வாயால் சொல்ல, அவள் தட்டித் தட்டிக் காட்டினாள்.

"ஆமா. சொன்னேன்."

மறுபடி தட்டினாள்: "அன்னைக்கு ஒரே விதியை அஞ்சாவது தடவை வாசிச்சுட்டு இருந்தேன். அசதி. அது சாக்கு இல்ல."

அப்புறம்: "நீங்க ஏன் டீச்சர் என் கதவைத் தொறந்தீங்க?"

"ஒரு படி மேல நின்னுட்டேன் ஸ்டெல்லா. பார்க்காம போட்டுட்டேன். தப்பு என்னோடது."

காபி போட எழுந்து போனாள். திரும்பி வந்து போனை நீட்டினாள். "எழுதி மன்னிப்பு கேட்டா அவ போன்தான் படிக்கும், மெஷின் குரல்ல. வாயால சொன்னதை மெஷினா திருப்பி எடுக்கும்?"

காபியில் சர்க்கரை போட மறந்திருந்தாள். நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி: "ஏழாம் பாடத்துல 112ஆம் பக்கம் விட்டுப்போச்சு. இப்பதான் கண்டுபிடிச்சேன். சேர்த்து வச்சிட்டேன்." பேசக் கூடாதே என்று பதறிக் கேட்டேன். "ஒரு பக்கம்தான்" என்று வந்தது.

சர்வரில் பார்த்தால் புது ஏழாம் பாடம் மறுபடி பூட்டு! அவளுக்கு மட்டும். செவ்வாய்க்கிழமை விடைக்குப் பாதி மார்க் கூட அதிகம்.

"ஸ்டெல்லா, பாடத்துக்குள்ள எப்படி வைக்கிறே?" என்று எழுதிக் கேட்டேன்.

"முன்னெல்லாம் பென் டிரைவ்ல கொண்டுவந்து ராயப்பேட்டைல காப்பி பண்ணுவேன். தொண்டை கட்ட ஆரம்பிச்சப்புறம் வீட்டுலேர்ந்தே. ஒத்திகைல பதிஞ்சு, சரியானதும் அங்கேர்ந்து பாடத்துக்கு நகர்த்திடுவேன்."

நகர்த்திடுவேன்.

இரண்டு வெற்று ஃபைல் செய்து பார்த்தேன். ஒன்று பாடத்துக்குள்ளேயே பிறந்தது. குழு சரி. இன்னொன்று ஒத்திகையில் பிறந்து, mv போட்டு நகர்த்தியது. பழைய குழு, பழைய பூட்டு.

வகுப்பில் சொல்வதானால்: வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு அந்த வீட்டு இனிஷியல். வேறு ஊரிலிருந்து வந்து அதே வீட்டில் தங்குகிறவருக்கு அவருடைய இனிஷியல்தான், எத்தனை வருஷம் தங்கினாலும். ஃபோல்டர் கொடுப்பது பிறப்பவற்றுக்கு. குடிவருவது கொண்டுவந்ததையே வைத்துக்கொள்ளும். ஸ்டெல்லாவின் பாடங்கள் பிறக்கவில்லை, குடிவந்திருக்கின்றன. நகல் எடுத்தால் அங்கேயே பிறந்த கணக்கு.

இப்படி நகர்த்தச் சொல்லிக்கொடுத்தது வேறு யார்? நான்தான்.

நவம்பர் 14, வெள்ளி

வெளிச்சம் வந்தது, வெயில் வரவில்லை. எதிர் ஸ்கூலில் குழந்தைகள் தினம், மைக் செட். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஏய் தொடாதடா அத." இந்த இரைச்சலில் வேலை.

பாடம் ஃபோல்டருக்கு இன்னும் அழுத்தமாக ஒரு ஏற்பாடு: setfacl, யாருக்கு என்ன அனுமதி என்று பெயர் சொல்லி எழுதும் கட்டளை. இதில் default என்று தொடங்கும் வரி ஒன்று உண்டு. இருப்பவற்றைத் தொடாது. இனிமேல் பிறக்கப்போகிறவற்றுக்கு மட்டும். கேட்பவர்கள் படிக்கலாம் என்று அதில் எழுதினேன். ஏழாம் பாடத்தை ஒத்திகைக்கே திருப்பிக் கொண்டுபோய், இந்த முறை நகர்த்தாதே, நகல் எடு என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். எடுத்தாள்.

திறக்கவில்லை.

குழு சரி. default வரி வந்து இறங்கியிருக்கிறது. பக்கத்திலேயே பொடி எழுத்தில்: நடைமுறையில் ஒன்றுமில்லை. சாதம் பரிமாறிவிட்டு இலையைக் கண்ணாடியால் மூடின மாதிரி.

இரண்டு மணி நேரம் அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். "உன் பொட்டிக்கு ஜுரம் எறங்கலையா?" என்று அவர் மோர் கொண்டுவந்து வைத்தார். எரிந்து விழுந்தேன். பாவம்.

விடை சின்னது. நகல் எடுக்கும்போது மூல ஃபைலின் பூட்டையும் கணக்கில் எடுக்கிறது. மூலம் ஸ்டெல்லாவுக்கு மட்டும் என்று இறுக்கிப் பூட்டியிருந்தால், ஃபோல்டர் எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும் நகல் அந்த இறுக்கத்தைத் தாண்டாது.

எதற்கு ஒவ்வொரு ஃபைலுக்கும் பூட்டு? ஒத்திகை ஃபோல்டரின் வாசலே பூட்டியிருக்கிறதே. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் பருப்பு டப்பாவையும் பூட்டுவதில்லை. வாசல் பூட்டை அப்படியே விட்டு, உள்ளே இருக்கிற ஃபைல்களைத் தளர்த்தினேன்; இனிமேல் பதிகிறவையும் தளர்வாகவே பிறக்கும்படி umask என்ற அமைப்பை மாற்றினேன். ஒத்திகை வெளியே தெரியவில்லை. மூன்று தடவை சரிபார்த்தேன், மெஹரைப் போன்ற ஒரு கணக்கிலிருந்தே. திறக்காத நகலை அழித்துவிட்டு மறுபடி நகல் எடுக்கச் சொன்னேன். ஏழாம் பாடம் திறந்தது. முழுசாக.

மெஹருக்கு எழுதினேன்: "மூன்று பாடமும் தயார், விட்டுப்போன பக்கத்தோடு. கேட்பதும் விடுவதும் உன் இஷ்டம் அம்மா. உன்னை அதைக் கேட்கவைத்தது என் கைத்தவறு. மன்னித்துக்கொள்."

பதில் இல்லை. கோலப்பொடி டப்பாவை எங்கே வைத்தேன் என்று அரை மணி தேடல். கையிலேயே இருந்தது.

நவம்பர் 15, சனி

மழை. பதில் இல்லை.

கறிகாய்க்காரர்: "முருங்கக்கா வாணாவா டீச்சர்? என்னா யோசன?" வேண்டாம் என்றுவிட்டு, அவர் தெரு முனை போனதும் வேண்டும் என்று தோன்றியது.

மத்தியானம் படுத்தேன், எழுந்தேன், படுத்தேன். நாளைக்குத் தேர்வு. போன் செய்யலாமா? கூடாது. வற்புறுத்துவது மாதிரி ஆகும்.

நாலு மணிக்கு அவளே.

"இன்னா டீச்சர், அந்தம்மா தொண்டைய எவன் கெடுத்தான்? நூத்திப் பன்னெண்டாம் பக்கம் வந்ததும் தகரத்துல ஆணி இழுக்கிற மாதிரி கீது."

கேட்டிருக்கிறாள்.

"உடம்பு சரியில்லம்மா. பேசவே கூடாது அவங்க. அந்த ஒரு பக்கத்துக்காகப் பேசியிருக்காங்க."

"யாருக்காவ?"

"உனக்காகத்தான். வேற யாரு பரீட்சை எழுதறா?"

ஏதோ பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும், அவள் வீட்டில்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா திட்டக் கூடாது. அந்த இன்னொரு ஃபோல்டர மூடிட்டீங்க இல்ல?"

"அன்னைக்கே மூடிட்டேன்மா. யாருக்கும் தெரியாது."

"அதான் இப்ப வேணும். பாடத்துல கடகடன்னு சுத்தமா படிச்சுட்டுப் போயிடறாங்க. அதுல ஒவ்வொரு விதியும் அஞ்சு தடவ படிக்கிறாங்க, தப்பு உட்டு, பெருமூச்சு உட்டு, 'அடச்சீ, அதாவது இன்னான்னா'ன்னு அவங்களுக்கே சொல்லிக்கினு. புதங்கெழம கோவத்துல கேட்டதுதான் மண்டையில நிக்குது. அவங்களுக்கே புரியாததுதான் எனக்கும் புரியல."

"அது என் கையில இல்ல மெஹர். அது அவங்க கதவு. ஒரு தடவை கேக்காம தொறந்ததே போதும்."

"கேட்டுச் சொல்லுங்க. திட்டினதையும் சேத்தே குடுக்கச் சொல்லுங்க, வெட்டி கிட்டி தர வேணாம்."

ஸ்டெல்லாவுக்கு அப்படியே, வார்த்தை மாறாமல் எழுதினேன். பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள். வந்தது ஒரு வரி.

"அவளுக்கு மட்டும் தொறக்க முடியுமா?"

முடியும். இந்த setfacl அதற்கென்றே இருப்பது. வாசலையும் உள்ளே இருக்கிறவற்றையும் ஒரே ஒருத்திக்கு. முதலில் pwd போட்டு எந்த ஃபோல்டரில் நிற்கிறேன் என்று பார்த்தேன். இன்னொரு முறை பார்த்தேன். பிறகுதான் அடித்தேன்.

மெஹருக்குச் சொன்னேன். "சரி வைங்க, படிக்கணும்" என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில்! துணி காயப்போட்டாயிற்று. ரவை வாங்கியாயிற்று, உப்புமா.

மெஹர் தேர்வுக்கூட வாசலிலிருந்து: "உள்ள போறேன். போன புடுங்கறாங்க." எப்படிப் படித்தாய் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். எழுதப் போனாளே, அது போதும்.

பத்து மணி சுமாருக்கு ஸ்டெல்லாவிடமிருந்து செய்தி, மாதா கோயிலிலிருந்து திரும்பியிருப்பாள்.

"ஒரு சந்தேகம் டீச்சர். நேத்து தொறந்தீங்களே, அது ஏற்கெனவே இருக்கிறதுக்கு மட்டுமா? இனிமே நான் பதியப்போறதுக்கும் சேர்த்தா?"

"இருக்கிறதுக்கு மட்டும்தான் ஸ்டெல்லா. இனிமே வர்றதுக்கு ஒரு வரி தனியா எழுதணும். எழுதவா?"

துணி சொட்டுகிற சத்தம். எதிர் வீட்டுக் குக்கர்.

"எழுதுங்க."

எழுதிவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று getfacl போட்டுப் பார்த்தேன். கடைசி வரிகளில், இனி பிறப்பதையும் மெஹர் கேட்கலாம் என்று:

default:user:mehar:r-x