வேலியோரம் சொன்ன வாடகை

அன்பு மகள் மரியெல்லாவுக்கு, ஜீலாங்கிலிருந்து அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அபர்டீன் குளிரில் உன் இருமல் நின்றதா என்று முதலில் எழுது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஞாயிறன்று நம்மூர் பாலாடைக்கட்டிப் பலகாரம் பஸ்டிட்ஸி சுட்டாள், நான்தான் ஒன்றோடு எழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டு பெவ் எப்படி இருக்கிறாள் என்று நீ மூன்று கடிதமாகக் கேட்கிறாய், நானும் மழுப்பிக்கொண்டே வந்தேன்.

பெவ் போய்விட்டாள் மகளே, போகவைத்தவன் நான். வேலிக்கு அந்தப்பக்கம் நம் இரண்டாவது வீட்டில் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்தவள். போன ஜூனில் அவள் துணி காயப்போடும்போது வேலிக்கு இந்தப்பக்கம் நின்று, பெவ், அடுத்த மாசத்துலேருந்து வாரத்துக்கு எண்பது டாலர் கூட வேணும், ஊரே ஏத்திடுச்சு என்றேன். அதற்கு எட்டு மாதம் முன்னால்தான் ஒரு தடவை ஏற்றியிருந்தேன். வாயில் கடித்திருந்த கிளிப்பை எடுத்துவிட்டு, சரி சால், பாக்குறேன் என்றாள். மூன்றாம் வாரம் சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு கீரா என்ற நர்ஸ் குடிவந்தாள். ஏழாம் மாதம் அவளிடமும் அதே பேச்சை எடுத்தேன். அவள் கோபப்படவில்லை. சால், இது செல்லாது, வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஏத்தலாம், அரசாங்க ஃபாரத்துல எழுதி தொண்ணூறு நாள் முன்னாடியே தரணும், அப்பவும் அதிகம்னு பட்டா நான் மனு போட்டு விசாரிக்கச் சொல்லலாம் என்றாள். வீட்டுக்குள் வந்து சொன்னேன். அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள், அப்போ பெவ் போயிருக்கவே வேணாமே என்றாள். அதற்கப்புறம் பட்டப்பகலில் கொடியில் கீராவின் துணி ஆடினால்கூட அதன் பின்னால் பெவ் நிற்பதுபோல இருக்கிறது. ஒருநாள் பேர் சொல்லிக் கூப்பிட்டே விட்டேன். கீராதான் எட்டிப் பார்த்தாள்.

விசாரித்து விசாரித்து, கோலாக் பக்கம், வீடில்லாதவர்கள் வண்டிக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு கேரவன் பார்க்கில் பெவ்வைக் கண்டுபிடித்தேன். பாதி ஆளாகியிருந்தாள், மூச்சு வாங்குகிறது. டீ போட்டுக் கொடுத்தாள். நான் சொன்னது சட்டப்படி செல்லாது பெவ், எனக்குத் தெரியாமப் போச்சு என்றேன். எனக்கு அப்பவே தெரியும் சால் என்றாள். அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல என்றேன். பதினோரு வருஷமா வேலிக்கு மேல சாப்பாட்டுத் தட்டு கொடுத்து வாங்கினவங்க, உன்கிட்ட போய் ஃபாரம் எங்கேன்னு கேட்டுட்டு அந்த வீட்டுல நான் எப்படிக் குடியிருப்பேன், சொல்லு என்றாள். கீரா காலிபண்ணினால் பழைய வாடகைக்கே வந்துவிடு என்று கெஞ்சினேன். டீ ஆறுது, குடி என்றாள். திட்டியிருந்தாலாவது தூங்கியிருப்பேன்.

நீயும் அங்கே வாடகைக்கு இருக்கிறவள். வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வாய்ப்பேச்சுக்குப் பெட்டியைக் கட்டிவிடாதே, எழுத்தில் கேள். கேட்டால் அவர் முகம் சுளிக்கட்டும், சுளித்த முகம் நாலு நாளில் நேராகும். மாதா உன்னைக் காக்கட்டும். மருந்தை வேளைக்குச் சாப்பிடு. அம்மாவின் முத்தங்கள்.

உன் அப்பா,
சால்வு

(பெவ்வின் விலாசம் உள்ளே வைத்திருக்கிறேன். நீ எழுதினால் பதில் போடுவாள், எனக்குப் போடவில்லை.)