காலையில் பிடிக்காத வண்டி

சைதாப்பேட்டை
9 ஜனவரி

கயல் அப்பாவுக்கு, சுலோச்சனா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஊட்டியில் பனி கொட்டுகிறது என்கிறார்கள்; மப்ளர் இல்லாமல் வெளியே நிற்காதீர்கள். மகள் கூப்பிட்டால் போனை எடுக்கிறீர்கள், நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அதனால் பார்சலுக்குள் கடிதத்தை வைக்கிறேன். பார்சலைப் பிரித்துத்தானே ஆகவேண்டும்.

காலையில் உங்கள் டீசல் கார் ஸ்டார்ட் பிடிப்பதில்லை என்று கயலிடம் சொன்னீர்களாம். பிப்ரவரி ஏழு கல்யாணம். மண்டபத்திலிருந்து மயிலாப்பூர் மாப்பிள்ளை வீட்டுக்கு உங்கள் வண்டியில்தான் கூட்டிப்போவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வாடகைக்குப் பெரிய கார் பேசட்டுமா என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நைனா வண்டி வரலன்னா நான் மண்டபத்த வுட்டே எறங்கமாட்டேன். நீ இன்னா வேணா பண்ணிக்கோ."

விஷயத்துக்கு வருகிறேன். சாவியைத் திருகினால் இன்ஜின் சோம்பலாகச் சுற்றுகிறதா? அப்படியானால் பேட்டரி. குளிரில் அதற்கு பலம் குறையும். ஜோராகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? அப்படியானால் குளிரில் இன்ஜினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக், இல்லாவிட்டால் டீசலில் தண்ணீர். எதற்கும் இருக்கட்டும் என்று நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து புது பேட்டரி அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

சுலோச்சனா


ஊட்டி
16 ஜனவரி

சுலோச்சனாவுக்கு,

பேட்டரி வந்தது. போட்டும் பிடிக்கவில்லை. அதே பெட்டியில் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கடையில் விற்றுக்கொள்.

பொங்கல் லீவு என்பதால் அப்துல் சமத் பாய் லாட்ஜில் கூட்டம். மேனேஜர் என்று பெயர், பக்கெட் தூக்குவதும் நான்தான். வண்டி வெட்டவெளியில் நிற்கிறது. விடிந்தால் கண்ணாடிமேல் உப்பைத் தூவினதுபோல் உறைபனி. கல்யாணத்துக்குள் சரியாகும் என்று என்னால் சொல்ல முடியாது. கயலிடம் பக்குவமாகச் சொல்.

சுப்புராயன்


சைதாப்பேட்டை
20 ஜனவரி

கயல் அப்பாவுக்கு,

பெட்டியைக் கடைப் பையன் பாலகணேஷ்தான் பிரித்தான். பிரித்தவன் சிரித்துவிட்டான். "அக்கா, டெர்மினல் மூடியே கயட்டல. மாமா தொட்டே பாக்கல போல கீது." கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். நான் எங்கே பார்ப்பது?

போடாத பேட்டரியைப் போட்டேன் என்று எனக்கா எழுதுகிறீர்கள்? நான் விற்கிற சாமான் அது.

சரி, வண்டி காலையில் பிடிக்கவில்லை. பதினோரு மணி வெயிலில் பிடிக்குமே. மதியம் கிளம்புங்கள். அதுவும் வேண்டாமா, மலைமேல் இருக்கிறீர்கள். இறக்கத்தில் உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். மேட்டுப்பாளையம் வந்துவிட்டால் அப்புறம் குளிர் ஏது? இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா?

எத்தனை வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். வாங்க மனசில்லாத ஆள்தான் ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே நிற்பான். நிறம் சரியில்லை என்பான், மாற்றிக் கொடுத்தால் சைஸ் சரியில்லை என்பான்.

சம்பந்தியம்மா ஜோதிலட்சுமி தி.நகரில் புடவைக் கடை வாசலில் வைத்து என்னைக் கேட்டாள்: "இன்னா சம்பந்தி, பொண்ணோட நைனா வந்துடுவாரு இல்ல? எங்க சைடுல கேட்டுக்கினே கீறாங்க." வருவார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வரப்போவதில்லை என்றால் ஒரே வரி எழுதிப் போடுங்கள். தாரை வார்க்க என் தம்பி தணிகாசலத்தை உட்காரவைக்கிறேன்.

சுலோச்சனா


ஊட்டி
24 ஜனவரி

சுலோச்சனாவுக்கு,

ஆமாம், மூடியைக் கழற்றவில்லை. பொய்தான் எழுதினேன்.

நடைபாதையில் பல்பு விற்று நீ கட்டிய கடை அது. நான் மறுக்கவில்லை. ஆனால் ஆள் வந்தால் "அக்கா இல்லியா?" என்பான். "இருக்கா, உக்காருப்பா" என்பேன். நாளடைவில் அதுதான் என் வேலை என்று ஆகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே வந்ததற்குக் காரணம் அதுதான். கோபத்தில் வரவில்லை.

இந்தக் கல்யாணத்தில் மண்டபம் உன்னுடையது. நகை, புடவை, பந்தி எல்லாம் உன்னுடையது. அந்த ஒரு வண்டிதான் என் பங்கு. அதையும் உன் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வந்தால் அது யார் வண்டி?

மதியம் பிடிக்கிறது, உண்மைதான். உருட்டினாலும் பிடிக்கும். மகள் கல்யாணத்துக்கு உருட்டிவிட்ட வண்டியில் வரமாட்டேன். காலையில் ஜோராகச் சுற்றுகிறது, பிடிப்பதில்லை. குறை ஹீட்டர் பிளக்கில்தான். இங்கே இரண்டு கடையில் கேட்டேன், இந்த வண்டிக்கு இல்லை என்கிறார்கள். நீ அனுப்பாதே. அனுப்பினால் அதுவும் திரும்பி வரும்.

எனக்காகக் காத்திருக்க வேண்டாம். தணிகாசலம் உட்காரட்டும். கடையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குப் பழக்கம்தானே.

சுப்புராயன்


சைதாப்பேட்டை
28 ஜனவரி

கயல் அப்பாவுக்கு,

இந்தத் தடவை பார்சல் இல்லை. வெறும் கடிதம்தான்.

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பச்சை போர்டு போட்ட ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் என் வியாபாரத்தை வளரவிடாமல் மறித்துக்கொண்டிருப்பவர் அந்தக் கடைக்காரர்தான். பஸ்ஸில் இறங்கி அவரிடம் போங்கள். நான்கு பிளக்கும் வைத்திருப்பார். நல்ல சரக்குதான், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பெயரைச் சொல்லாதீர்கள், விலையை ஏற்றிவிடுவார். இன்னொரு கடைக்குப் போங்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பழைய பிளக்கைக் கழற்றி பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துப் பாருங்கள். முனை சிவக்காதது செத்தது. ஒன்று போயிருந்தாலும் நான்கையும் மாற்றுங்கள். சாவியைப் போட்டதும் அவசரப்பட்டுத் திருகாதீர்கள். டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகு திருகுங்கள். உங்களுக்குத் தெரியும். என்றாலும் எழுதுகிறேன்.

தணிகாசலத்திடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. ஏழாம் தேதி உங்கள் மணை காலியாக இருந்தால், ஊரே பார்க்க நான் ஒருத்தியே தாரை வார்த்துக் கொடுப்பேன். ஜோதிலட்சுமி என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

சுலோச்சனா


ஊட்டி
2 பிப்ரவரி

சுலோச்சனாவுக்கு,

அந்தக் கடைக்குப் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை. பில் போடும்போது அவராகவே கேட்டார்: "மெட்ராஸ்காரருங்களா? சைதாப்பேட்டைல ஒரு அம்மா இருக்குதுங்க. வெலையில ஒரு ரூவா எறங்காது. தெரியுங்களா?"

"கொஞ்சம் தெரியும்" என்றேன்.

இரண்டு பிளக் செத்துப்போயிருந்தன. நான்கையும் மாற்றினேன். இன்று விடிகாலை உறைபனியோடு நின்ற வண்டி முதல் திருகலில் பிடித்தது. லாட்ஜில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து திட்டினார்கள். அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்.

ஆறாம் தேதி விடிகாலை கிளம்புகிறேன். வெயிலுக்காகக் காத்திருக்க மாட்டேன். மணையில் உட்காருவேன். கயலை மயிலாப்பூரில் இறக்கிவிட்டு, அப்படியே ஊட்டிக்குத் திரும்பிவிடுவேன். சைதாப்பேட்டை வீட்டுக்கு வரமாட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பத்துப் பேர் முன்னால் கேட்காதே.

பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் உட்காருவார்கள். முன் சீட்டில் வேறு யாரையும் ஏற்றுவதாக இல்லை. தேனாம்பேட்டை சிக்னல் நெரிசலில் மயிலாப்பூர் போய்ச் சேர நேரம் பிடிக்கும்.

வருவதானால் வா.

சுப்புராயன்