ஒழுகிய கூரையும் அப்பாவின் குடையும்

தோற்றவர்களுக்கெல்லாம் தலைவரான என் அன்பு மாமாவுக்கு,

நானும் தோற்றுவிட்டேன். மாணவர் பேரவைத் தேர்தலில்தான். பரீட்சைச் செய்தி பிறகு வரும். "மாமன் பேரைக் காப்பாத்திட்ட" என்றாள் அம்மா. சிரித்தாளா, அழுதாளா? போன தையில் நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து அவளுக்கு இரண்டும் ஒரே முகத்தில்தான் வருகிறது.

நம் கல்லூரியின் பேரவைக் கட்டடம் இன்னும் நிற்கிறது, மாமா. நிற்கிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. கூரையில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி பல்லிளிக்கிறது. மின்விசிறியைப் போட்டால் காற்றைவிடச் சுண்ணாம்புதான் அதிகம் வரும். பவுடர் பூசாமல் உள்ளே போனவர்களும் பூசிக்கொண்டுதான் வெளியே வருவோம். ஆனாலும் அங்கே உட்கார்ந்தால் எனக்கு ஒரு திமிர். நான் பிறக்கவே அந்தக் கட்டடம்தானே காரணம்?

இந்தக் கடிதத்தை உங்களோடு சேர்ந்து படிப்பவர்கள் தப்பாக நினைக்கக் கூடாது, சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துத் தேர்தலில் ஜெயித்தவர் என் அப்பா, தோற்றவர் நீங்கள். அவரை வாழ்த்திப் பேச நீங்கள் எழுந்தபோது நல்ல மழை. மேடைக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. அப்பா தன் குடையை விரித்து உங்கள் தலைக்கு மேல் பிடித்தார். நீங்களோ வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பேசினீர்கள். "ஜெயிச்சவன் கை வலிக்கிற வரைக்கும் தோத்தவன் பேசலாம்" என்றீர்களாம். "கை வலிக்குதுடா" என்று அப்பா குடையைத் தாழ்த்தியபிறகுதான் முடித்தீர்களாம். அதுவே வழக்கமாகிவிட்டது, பின்னால் வந்தவர்கள் மழையில்லாத நாளிலும் குடை பிடித்தார்கள். அன்று குடைக்கு வெளியே நின்று நனைந்த அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போய் உங்கள் சட்டையைக் கொடுத்தீர்கள். பிறகு தங்கையையும் கொடுத்தீர்கள். கூரை ஒழுகாமல் இருந்திருந்தால் நான் ஏது?

இந்த வருஷம் அந்த வழக்கமே போய்விடும் போலிருந்தது. பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். "பதவியேற்பு விழா புது ஹால்லதாம்பா" என்றார் முதல்வர். என்னைத் தோற்கடித்த கலைவாணி குன்னம் ஊர்க்காரி, பிடித்த பிடியை விடவில்லை.

"அங்க ஒழுகாதே சார்."

"ஒழுகாதது ஒரு குறையாம்மா?"

"அப்ப இவனுக்கு நான் எங்க சார் குடை பிடிக்கிறது? தோத்தவனுக்கு வேற என்ன இருக்கு?"

"எனக்கு ஓட்டுப் போட்டவங்க இருக்காங்க. கொஞ்சம் பேரு" என்றேன் நான்.

முதல்வர் சிரித்துவிட்டார். உள்ளே மட்டும் யாரும் போகக் கூடாது, வாசற்படியில் நடத்திக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்தார்.

அப்பாவிடம் குடையைக் கேட்டேன். நீங்கள் போனபிறகு அவர் அதைத் தொட்டதே இல்லை. "எடுத்துட்டுப் போ" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நேற்று மண்டையைப் பிளக்கிற வெயில். மழைக்குப் பிறந்த குடை வெயிலுக்கு வேலை செய்தது. கலைவாணி பிடிக்க, நான் பேசினேன். அவள் ஜெயித்ததையும், நீங்கள் தோற்ற அழகையும் சொன்னேன். கூட்டத்தின் கடைசியில் அப்பா நின்றுகொண்டிருந்தார், லாரியில் வெங்காய மூட்டை ஏற்றிவிட்டு வந்த அதே சட்டையோடு. அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை.

"டேய், கை போவுதுடா. முடி" என்று பல்லைக் கடித்தாள் கலைவாணி. வழக்கப்படி முடிக்கத்தான் போனேன். அப்பா படியேறி வந்தார்.

"குடும்மா இப்படி. எனக்குப் பழக்கந்தான்" என்று குடையை வாங்கிக்கொண்டார். பிறகு என்னிடம், "நீ பேசு. உங்க மாமன் இதோட நிறுத்த மாட்டான்."

விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். தட்டுத் தடுமாறி ஏதோ பேசினேன். அப்பாவின் கை இறங்கவே இல்லை, மாமா. உங்களுக்கு மட்டும் எப்படி வலித்த மாதிரி நடித்தார்?

புது ஹால் ஒழுகாது. இருந்தாலும் அடுத்த வருஷம் தோற்பவர் பேச எழும்போது, இந்தக் குடையை ஜெயித்தவர் கையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஓட்டுக் கேட்கும்போது கொடுத்த வாக்குறுதி இல்லை இது, தோற்ற பிறகு கொடுப்பது. தாராளமாக நம்பலாம்.

உங்கள் தங்கை மகன்,
அந்த ஒழுகலின் ஒரே வாரிசு.